இடது பின் சக்கரம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, தெற்கு வீதித் திருப்பத்தில், தேரின் இடது பின் சக்கரம் ஓர் ஆளின் மேல் ஏறியது. சத்தம் இல்லை, ரத்தம் இல்லை. என் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறத்தில் நின்றிருந்த ஒரு மனித உருவம் இடுப்பு வரை சக்கரத்துக்கு அடியில் போனது, திரையின் ஓரத்தில் சிவப்பில் ஒரு வரி வந்தது, ஓட்டம் நின்றது. நான் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். அந்த உருவத்துக்கு ஐந்தடி ஆறங்குலம் என்று உயரம் கொடுத்தது நான்தான். அது என் அண்ணன் வேல்முருகனின் உயரம். தேருக்குக் கட்டை போடுகிறவர்களில் எனக்கு அளவு தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான் என்பதால், நான்கு சக்கரத்துக்கும் நிறுத்திய நான்கு உருவங்களுக்கும் அதையே கொடுத்துவைத்திருந்தேன்.

எங்கள் கம்பெனி இரண்டு வேலை செய்கிறது. தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வரும் ஆட்களுக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கண்ணாடி வழியாகப் பயிற்சி கொடுப்பது ஒன்று. ரோபோ கைகளை நிஜத்தில் ஓட்டும் முன் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். ஒரு பொருள் விழுந்தால் எப்படி விழும், மோதினால் எந்தப் பக்கம் நகரும், எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற மென்பொருள். மேனேஜர் ஜெயக்குமார் சந்தையில் இருக்கும் இரண்டை எடுத்துக் கொடுத்து, எதை வாங்கலாம் என்று ஒரு மாதத்தில் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார். வேலை எனக்கும் கிரேஸுக்கும். கிரேஸ் சென்னையில் அவள் வீட்டிலிருந்து, நான் இங்கிருந்து. இரண்டு மென்பொருளின் பெயரும் வாயில் நுழையாத பெயர்கள். மூன்றாம் நாளே கிரேஸ் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். ஒன்று சமத்து, இன்னொன்று கறார்.

சமத்து வி.ஆருக்காகச் செய்தது. விநாடிக்குத் தொண்ணூறு படம் காட்டியாக வேண்டும், தடுமாறினால் கண்ணாடி மாட்டியவருக்குத் தலை சுற்றிவிடும். அதனால் அது எங்கேயும் நின்று யோசிக்காது. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் புதைந்துபோனால் நாசூக்காக வெளியே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய்விடும். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே சிரித்துக்கொண்டே நிற்கும் மாமா ஒருவர் இருப்பாரே, அவர் மாதிரி. கறார் ரோபோக்காரர்களுக்கானது. ஒரு நிமிட ஓட்டத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எது எதை எந்தப் புள்ளியில் எவ்வளவு அழுத்துகிறது என்று ஒன்று விடாமல் கேட்கும். நாம் தப்பான எண்ணைக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளாது, அந்தத் தப்பான எண்ணுக்கு மிகச் சரியான விடையைக் கொடுக்கும். அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி ஒப்பீட்டுக்கு எல்லோரும் பெட்டிகளை அடுக்கித் தள்ளிப் பார்ப்பார்கள், பந்தை உருட்டுவார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. கனம், சக்கரம், சரிவு, ஆப்பு, வழுக்கல் எல்லாம் சேர்ந்த ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது எங்கள் தேர் ஞாபகத்துக்கு வந்தது. ஊரறிந்த பெரிய கோயில்களின் தேர் இல்லை, எங்கள் தெரு அம்மனின் தேர். பதினெட்டு டன். அதற்கு பிரேக் கிடையாது. சக்கரத்துக்கு ஒருவராக நான்கு பேர் கூடவே நடப்பார்கள், கையில் புளிய மரத்து முட்டுக்கட்டையோடு. தேரை நிறுத்த வேண்டிய இடத்திலும் திருப்ப வேண்டிய இடத்திலும் உருண்டு வருகிற சக்கரத்தின் வாயில் கட்டையைக் கொடுத்து, கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கலாம். கையை எடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பங்காளி வீடுகள் மூன்றிலும்தான் இருக்கிறார்கள் என்று கோயிலில் பெயர்.

அண்ணன் மற்ற நாளெல்லாம் கீழ வீதி முனையில் பைக் மெக்கானிக். தேரன்றைக்கு வலது பின் சக்கரம். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடம் அவனுடையது. இடது பின் சக்கரம் பெரியப்பா பேரன் சிவபாலனுக்கு. பட்டுக்கடை ஒன்றில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், இருபத்து நான்கு வயது, இது அவனுக்கு இரண்டாவது தேர். திரையில் உருவம் விழுந்ததைப் பார்த்த அடுத்த நொடி, அது இடது பக்கம், அண்ணன் வலது பக்கம் என்று எனக்கு நிம்மதி வந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. சிவபாலன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

அந்த வாரம் ஒவ்வொன்றிலும் ஐம்பது தரம் ஓட்டினேன். சமத்தில் ஐம்பது தரமும் தேர் அழகாக நின்றது. கறாரில் நாற்பத்தாறு தரம் நின்றது, நான்கு தரம் தெற்கு வீதித் திருப்பத்தில் கட்டை சக்கரத்தின் அடியிலிருந்து பிதுங்கி வெளியே தெறித்தது. போன தை மாதம் அந்தத் தெருவில் பழைய தார் ரோட்டைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் ரோடு போட்டார்கள். தண்ணீர் வடிய இடது ஓரம் சாக்கடைப் பக்கமாக வாட்டம். திரும்பும்போது தேரின் இடது பின் சக்கரம் அந்த வாட்டத்தில்தான் இறங்கும். ஆனால் புளியங்கட்டைக்கும் சிமென்ட்டுக்கும் எவ்வளவு பிடிக்கும் என்கிற உராய்வு எண்ணை நான் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் போட்டிருந்தேன். சரியான எண் தெரிந்தால் இந்த நான்கும் சரியாகப் போய்விடலாம் என்று கிரேஸிடம் சொன்னேன். சரியாகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்குக் காரணம் ரிப்போர்ட் மட்டும் இல்லை.

கோயில் கமிட்டித் தலைவர் மாணிக்கவேல் ஒரு மாதமாக இரும்பு பிரேக் என்று பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஓர் உபயதாரர் செய்து தருகிறாராம், அடியில் மாட்டிவிட்டால் ஒரே ஆள் உட்கார்ந்து மிதித்து நிறுத்திவிடலாமாம். அப்படி வந்தால் கட்டைக்காரர்கள் வேண்டாம். அண்ணன் இதைப் பற்றி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே வேறெங்கோ பார்த்து நிற்பான். தேவகி அண்ணி என்னிடம் போனில் அழுதாள். "அவருக்கு வேற இன்னா இருக்குது பிரியா, சொல்லு? வருஷம் முச்சூடும் வேல்முருகா இங்க வா, வண்டியப் பாரும்பாங்க. அந்த ஒரு நாள்தான் ஐயா வாங்கன்னு கூப்புடறாங்க" என்றாள்.

மாணிக்கவேலுக்கு நான் தேரைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற செய்தி எப்படியோ போய், ஒரு நாள் மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணனும் கூட வந்தான். நான் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டேன். அதில் ஓடுவது சமத்து. மாணிக்கவேல் தெற்கு வீதியில் தேரோடு நடந்தார், எங்கள் பீரோவைப் பிடித்துக்கொண்டு. தேர் திரும்பி நின்றதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணாடியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. அண்ணனும் மாட்டிப் பார்த்தான். ஒரே ஒரு தரம் கட்டையைக் கொடுத்தான், உடனே கழற்றிவிட்டான்.

"நின்னுச்சில்ல?" என்றேன்.

"நின்னுச்சி. ஆனா அது பாட்டுக்கு நிக்குது. நான் போட்டதால நிக்கல" என்றான்.

மாணிக்கவேல் கிளம்பும்போது சொன்னார்: "மேல கேக்கறாங்கம்மா, புது ரோடு ஆச்சே, பழைய மாதிரி கட்டை வெச்சி நிறுத்தலாமா, எவனாவது படிச்சவன் எழுதிக் குடுத்துருக்கானான்னு. நீ நம்ம ஊட்டுப் பொண்ணு. நல்லா பாத்து ஒரு பேப்பர் குடுத்துடு. நீ ஆபத்துன்னு எழுதினா இரும்பு பிரேக்குதான், எனக்கு வேற வழி இல்ல." அண்ணன் படியில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் கடையில் வைத்து அளந்தோம். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன சிமென்ட் பலகை ஒன்று வாசலில் கிடந்தது. அதன் ஒரு முனையை ஜாக்கி வைத்து அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். மேலே முட்டுக்கட்டை, அதன் மேல் பாரத்துக்குப் பழைய பேட்டரி ஒன்று, பலகை ஓரத்தில் கோணம் காட்ட என் போன். எந்தக் கோணத்தில் கட்டை சரிகிறதோ அதிலிருந்து எண் கிடைத்துவிடும், பள்ளிக்கூடத்துப் பாடம்தான். பத்து தரம் செய்தோம். ஏறக்குறைய முப்பத்தொரு டிகிரி. நான் நினைத்ததைவிட நன்றாகவே பிடித்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"என் கால் சொல்றத உன் போன் டிகிரில சொல்லுது, அவ்ளோதானே?"

"அவ்ளோதான். தேரன்னிக்கும் இதே கட்டைதானேண்ணா?"

"இதே கட்டைதான். பரண்ல இருக்குது முப்பது. இதான் கொஞ்சம் தேஞ்சது."

நான் கேட்டதற்கு அவன் சரியாகத்தான் பதில் சொன்னான். புது எண்ணைப் போட்டு கறாரை நூறு தரம் ஓட்டினேன். நூறு தரமும் நின்றது. சமத்தும் கறாரும் முதல் தடவையாக ஒரே விடையைச் சொல்லின. கிரேஸ் கைத்தட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். நான் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, மேற்கண்ட நிலைகளில் தேர் கட்டைகளின் மூலம் பாதுகாப்பாக நிற்கும் என்று முடித்து, பெயர், படிப்பு, தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதைப் போட்டோ எடுத்துப் பங்காளிகள் குரூப்பில் போட்டான். அண்ணி கேசரி கிளறிக் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு என்னால் ஒன்று செய்ய முடிந்தது என்கிற சந்தோஷம் அது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் நிறையக் கிடைத்ததில்லை.

தேரன்று காலை ஆறு மணிக்குப் போனேன். ஏழே முக்காலுக்கு வடம் பிடிக்க நேரம் குறித்திருந்தார்கள். லாரித் தண்ணீர் விட்டு நான்கு வீதியும் கழுவியாகியிருந்தது. தெற்கு வீதி சிமென்ட் பளிங்கு மாதிரி மின்னியது, வாசலுக்கு வாசல் மாக்கோலம் வேறு. தேர் அலங்காரத்தோடு நிலையில் நின்றது. அதன் கீழே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நான் திரையில் அதை இத்தனை நாள் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்துப் பழகியிருந்தேன். நிஜத்தில் ஒரு சக்கரமே என் உயரத்துக்கு இருந்தது. இதையா நான் மோர் குடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

அண்ணி கோயில் மடைப்பள்ளிப் பக்கமிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவ வந்தவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். முழங்கை வரை மஞ்சள், பளபளவென்று எண்ணெய்.

"கைல இன்னா அண்ணி?"

"கட்டைக்குக் காப்பு போட்டுட்டு வரேன். விடியக்காலம் நாலு மணிலருந்து. முப்பது கட்டைம்மா, ஒண்ணொண்ணுக்கும் மூணு தரம். கையே விட்டுப்போச்சி."

"இன்னா எண்ணெய்?"

"விளக்கெண்ணெய்தான். மஞ்சள் கொழைச்சி."

"எப்பவும் போடறதா?"

"நான் கல்யாணம் ஆகி வந்ததுலருந்து போட்டுக்கினுதான் இருக்கறேன். உனக்கு எப்படித் தெரியும்? மருமகளுங்கதான் போடணும். பொண்ணுங்க அந்தப் பக்கமே வரக் கூடாது, வேற ஊட்டுக்குப் போறவளுங்க பாத்தா கட்டை நிக்காதாம்" என்று சொல்லிவிட்டு, நம்பாதவள் போலச் சிரித்தாள்.

பதினெட்டு வயது வரை இப்போது அண்ணனும் அண்ணியும் இருக்கும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தேரன்று விடியற்காலையில் என்னை மாடியில் படுக்க வைத்துக் கதவைச் சாத்துவார்கள். தூங்கட்டும் என்று விட்டார்கள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அண்ணன் இதை என்னிடம் மறைக்கவில்லை. அது அவனுக்குப் பூசை, சந்தனம் வைக்கிற மாதிரி, பூச்சூட்டுகிற மாதிரி. கட்டை பிடிக்குமா என்று கேட்டவளிடம் பூசையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மண் ரோட்டிலும் தார் ரோட்டிலும் அந்த எண்ணெய் பத்தடிக்குள் புழுதியைத் தின்று காய்ந்துபோயிருக்கும். குழியும் மேடுமான தாரில் கட்டை எப்படியும் கடித்துக்கொண்டு நின்றிருக்கும். கழுவிவிட்ட சிமென்ட் எதையும் குடிக்காது. நான் காய்ந்த கட்டையை அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அண்ணன் கடைக்கு ஓடி, பாதி இறக்கிய ஷட்டருக்குள் நின்று கிரேஸுக்குப் போன் செய்தேன். தூக்கக் குரலில் எடுத்தாள். கறாரில் உராய்வு எண்ணை மாற்றி ஆபீஸ் மெஷினில் இருபது ஓட்டம் ஒன்றாகப் போடச் சொன்னேன். எவ்வளவுக்கு மாற்ற என்று கேட்டாள். எனக்கே தெரியாது. எண்ணெய் பூசிய மரம், புள்ளி இரண்டு என்று வைத்துக்கொள் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றாள். நான் கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பாவின் மேல் உட்கார்ந்தேன். வெளியே மேளம் வந்து சேர்ந்தது. சாமியைத் தேரில் ஏற்றும் சத்தம் கேட்டது. மாலை, தேங்காய், குழந்தைகள், பீப்பீ என்று ஜனம் போய்க்கொண்டே இருந்தது. எல்லோருடைய காலும் ஷட்டருக்குக் கீழே தெரிந்தது. ஏழு பதினைந்துக்கு போன் வந்தது.

"இருபதுல பதிமூணு பிரியா. பதிமூணும் லெஃப்ட் ரியர். ரைட்ல ஒண்ணுகூட இல்ல" என்றாள். அப்புறம், "ரிப்போர்ட்டுக்குத்தானே?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மாணிக்கவேல் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் தேருக்கு முன்னால் நின்றிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை, முகம் வெளுத்துத்தான் போனது. கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்தார். "சாமி ஏறிடுச்சேம்மா" என்றார். "சாமி ஏறினப்புறம் தேர் நின்னா ஊரு தாங்காது. வடத்தாண்ட பாரு, நாலாயிரம் பேரு. நான் இன்னா சொல்லட்டும், கம்ப்யூட்டர் வேணாம்னுதுன்னா? போன வாரம் அதே கம்ப்யூட்டர்தானே நிக்கும்னுச்சி? நீதானம்மா கையெழுத்து போட்ட." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் தேரைப் பார்த்தார். யாரோ வந்து அவர் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார்கள்.

அண்ணன் தேரின் வலது பின் சக்கரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முட்டுக்கட்டைகள் மஞ்சள் எண்ணெயில் குளித்து வரிசையாகக் கிடந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சொன்னேன். எண்ணெய், சிமென்ட், பதிமூன்று. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு கட்டையை எடுத்து நிலையின் சிமென்ட் தளத்தில் வைத்து, உள்ளங்காலால் அழுத்தித் தள்ளினான். அது சர்ரென்று நாலடி தள்ளிப் போய் நின்றது.

"துடைச்சிடலாம்ணா."

"காப்பு போட்ட கட்டையவா? ஜனம் பாத்துக்கினு இருக்குது. அப்புறம் ஒருத்தன் கையும் கட்டையத் தொடாது." கொஞ்சம் யோசித்தான். "மண்ணு போட்டா?"

"வேணாம். வழவழன்னு இருக்கற சிமென்ட்டுல மண்ணு உருளும். இன்னும் மோசம். கோணி இருந்தா நனைச்சிக் கட்டைக்கு அடில போடலாம்."

"எவ்ளோ பிடிக்கும்?"

எனக்குத் தெரியாது. நனைந்த கோணியை நான் அளக்கவில்லை. அவன் எழுந்து போய்ப் பூக்காரியிடமிருந்து இரண்டு கோணியை வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"நீ போடாதண்ணா. வா, வீட்டுக்குப் போலாம். உனக்கு ஜுரம்னு நான் சொல்றேன்."

"நான் போடலன்னா தேர் நிக்குமா? வேற எவனாவது போடுவான். அவனுக்கு இதுகூட தெரியாது."

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவனுக்குத் தைரியம் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு, எனக்கே சொல்லிக்கொண்டேன். "உன் பக்கம் ஒண்ணும் இல்லண்ணா. இருபதுல ஒரு தரம்கூட உன் பக்கம் வரல. எல்லாமே இடது பின் சக்கரம்தான்."

அண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு விளங்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு தேரின் பின்பக்கம் சுற்றிப் போனான். அங்கே சிவபாலன் புதுப் பனியன் போட்டுக்கொண்டு, இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டி, போனில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ இந்த வருஷம் வலது பக்கம் நில்லு."

"ஏன் சித்தப்பா? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எனக்குத் தோள் வலிக்குது, இடது கைப் பக்கம்தான் தோதா இருக்குது. போடா."

சிவபாலனுக்கு வலது பின் சக்கரம் கிடைத்தது பதவி உயர்வு மாதிரி. முகமெல்லாம் பல்லாக அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடி வந்தான். நான் தேரைச் சுற்றிக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவன் கோணிகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன், சின்ன வயதில் இழுப்பது போல. "அவன்கிட்ட சொல்லிடாத. பயந்துட்டா கை நேரத்துக்கு வராது" என்று மட்டும் சொன்னான். "அண்ணிகிட்டயும்." அதற்குள் வெடி வெடித்தது. வடத்தைத் தூக்கினார்கள். ஜனம் ஒரு பக்கமாக நகர்ந்து என்னையும் தள்ளிக்கொண்டு போனது. அண்ணனின் கை என் கையிலிருந்து வழுக்கிப் போனபோது என் விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

கீழ வீதி முழுக்கத் தேர் ஒழுங்காக வந்தது. அங்கே இன்னும் பழைய தார் ரோடுதான். நான் வலது ஓரமாகக் கூட்டத்தை இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, தேருக்கு முன்னால் ஓடித் தெற்கு வீதித் திருப்பத்தில் ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றேன். எதிர்ப் பக்கம் போக வழியே இல்லை, நடுவில் வடமும் நாலாயிரம் பேரும். சத்தம் போட்டேன். என் பக்கத்தில் நின்ற கிழவி நானும் அம்மன் பெயரைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, கூடவே குரல் கொடுத்தாள். கமிட்டி ஆட்கள் பச்சைக் கொடியை ஆட்டினார்கள். தேர் முன்சக்கரத்தை சிமென்ட்டில் வைத்தது. உச்சிக் கலசம் ஒரு கணம் சாக்கடைப் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மெல்லத் திரும்பத் தொடங்கியது. பதினெட்டு டன்னும் மாலையும் வாழைமரமும் சேர்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டன. நான் நின்ற இடத்திலிருந்து வலது பின் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. என் அண்ணன் அதற்கு மறுபுறம் எங்கேயோ இருந்தான்.

கட்டைக்காரர்களுக்கு விசில் கொடுத்தார்கள். சிவபாலன் குனிந்து தன் கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுத்தான், சரியான நேரத்தில் கையை எடுத்தான். அவன் பக்கம் நின்றுவிட்டது. நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்போடு, சித்தப்பா பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளத் தேரின் அடிவயிற்றுக்குக் கீழே தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, தேருக்கு அடியிலிருந்து மஞ்சள் கட்டை ஒன்று சறுக்கி வந்து அவன் காலடியில் நின்றது. பிறகு அவன் மெதுவாகத் தரையில் முட்டி போட்டான், ஒரு கையை நீட்டியபடி, இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக.